பதினொன்று எண்ணுவதற்குள்

"வண்டி செத்துப்போச்சு, பொண்ணே" என்றாள் ஹாஜ்ஜா இன்ஷிராஹ்.

தமன்ஹூர் நகரத்துக் கார் விற்பனை நிலையத்தில் புகார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள் யும்னா. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மக்கள் அரபியில் சொல்லும் புகாரை ஆங்கிலத்தில் எழுதிக் கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் கிடைத்த வேலை அது. இரண்டு மொழியிலும் அதிகம் பேசாதவள் என்பது சேர்ந்த பிறகுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. அன்றைய பேச்சை மட்டும் அவளால் இன்றும் ஒரு வார்த்தை முன்பின் ஆகாமல் சொல்ல முடியும்.

"ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டாள் யும்னா.

"ஓடிக்கிட்டே இருந்தது, செத்துப்போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு தானா உயிர் வந்துச்சு. இதோட நாலு தடவை."

"எந்தெந்தத் தேதின்னு சொல்ல முடியுமா, ஹாஜ்ஜா?"

"தேதி எனக்கு நிக்காது. இடம் நிக்கும். முதல் தடவை செங்கல் சூளைகிட்ட. ரெண்டாவது மதகுல. மூணாவது, ரெண்டு பேரீச்ச மரம் ஒட்டிக்கிட்டு நிக்குமே, அங்க. நாலாவது நேத்து, பள்ளிவாசல் திருப்பத்துல. ஸ்க்ரீன் கருத்துப்போச்சு. ஸ்டீயரிங் எருமை மாதிரி மல்லுக்கு நின்னுச்சு. கண்ணாடி இறங்கல. பின் கதவு உள்ளேருந்து திறக்கல. பின்னாடி உக்கார்ற பெரியவர் அம்மு பையூமி பட்டனை அமுக்கின அமுக்குல அவர் விரலே வீங்கிப்போச்சு."

கணினிப் பட்டியலில் செத்துப்போனதற்கு இடம் இல்லை. 'மின்சாரம் - இதர' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள் யும்னா.

அப்போது சேவைப் பிரிவின் எஞ்சினியர் தர்வத் தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து மேசையில் சாய்ந்து நின்றான்.

"ஹாஜ்ஜா, வண்டி வாங்கின அன்னிக்குக் கிடா வெட்டினீங்களா?"

"வெட்டாம ஓட்டுவாங்களா?"

"ரத்தத்துல கையை முக்கி வண்டி மூக்குல அஞ்சு விரலையும் பதிச்சீங்களா?"

"பதிச்சேன். கண்ணு படக்கூடாதுன்னு எல்லாரும் பதிக்கிறதுதானே?"

"அந்த மூக்குக்குப் பின்னாடிதான் எதிர்ல வர்றதைப் பாக்கிற ரேடார் உக்காந்திருக்கு. ரத்தம் காய்ஞ்சு அதோட கண்ணை மறைச்சிடுச்சு. வண்டி குழம்பிப்போகுது. இதுக்கு வாரண்டி கிடையாது, ஹாஜ்ஜா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணு மறைஞ்சா மனுஷன் தடுமாறுவான், எஞ்சினியர் ஐயா. உயிரை விட்டுட மாட்டான். உங்க வண்டி உயிரை விடுது."

தர்வத் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் கண்ணாடிக் கதவைத் தாண்டும் வரை காத்திருந்துவிட்டு ஹாஜ்ஜா மேசை மேல் குனிந்தாள்.

"இதே மாதிரி எத்தனை பேருக்கு எழுதின?"

யும்னா விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்தாள்.

"காது செவந்துபோச்சு பாரு. உனக்குப் பொய் சொல்ல வராது. நல்லதுதான். எத்தனை?"

"இருபத்தேழு" என்றாள் யும்னா, உதடு அசையாமல்.

"எல்லாருக்கும் கை பதிச்ச ரத்தமா?"

"சில பேர் குர்ஆன் மட்டும் ஓதினாங்களாம். ஒருத்தர் எதுவுமே பண்ணல."

ஹாஜ்ஜா நிமிர்ந்து தலை முக்காட்டைச் சரிசெய்தாள். "என் ரோட்டுக்கு ஒரு பக்கம் பூரா கால்வாய். பின்னாடி மூணு பேர் உக்காந்திருப்பாங்க, மூணு பேருக்கும் சிறுநீரகம் போச்சு. போறப்ப உடம்பு வீங்கிப் போவாங்க, வர்றப்ப துணி மாதிரி துவண்டு வருவாங்க. வண்டி தண்ணிப் பக்கம் செத்துச்சுன்னா அவங்க எப்படி வெளிய வருவாங்க? இதை மட்டும் எனக்குச் சொல்லு. மத்ததெல்லாம் நீ எழுது, எழுதாம போ."

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

ஹஜ் போய்வந்தவளைப்போல அவளை எல்லோரும் ஹாஜ்ஜா என்று அழைத்தது வயதுக்காக. "நான் பக்கத்துல இருக்கிற தன்தாவுக்கே போனதில்ல, மக்காவுக்கு எங்க போறது" என்பாள். அவள் ஊர் மஹ்மூதியா கால்வாய்க் கரையில் ஒரு கிராமம். கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ரத்தத்தைச் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் கிடைக்கவில்லை. அவனுடைய பழைய வண்டியை அவனே பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் திட்ட ஓட்டப் பழகினாள். ஆறு வருஷம் ஓட்டினாள். அவன் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் முடிந்ததும், அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல் வண்டியை எடுத்தாள். அதே மருத்துவமனையில், அதே அறையில், அவனுக்கு அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்த மூன்று பேர் அவரவர் வீட்டு வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். வருகிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை, வா என்று அவர்கள் கேட்கவும் இல்லை.

பழைய வண்டி உதிர்ந்துபோனபோது, தாய்வழியில் வந்த நிலத்தை விற்று இந்த உயரமான புது வண்டியை வாங்கினாள். ஏறும்போது குனிய வேண்டாம், உள்ளே குளிர்ச்சி, மூன்று பேரும் சாய்ந்து படுக்கலாம். தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரிக்கவில்லை. எங்கள் பக்கம் யார்தான் பிரிக்கிறார்கள்? சோபாவின் உறையைப் பெண்ணின் கல்யாணம் வரை விட்டுவைப்பவர்கள், காரின் உறையை அது கிழவியாகும் வரை விட்டுவைப்பார்கள். இருக்கைகள், கதவுகளின் உள்பக்கம், திரை என எல்லாமே பளபளவென்று பிளாஸ்டிக்குள் இருந்தன.

அந்த ஒரு கேள்வி யும்னாவை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் பிடித்த, அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியைக் கடிக்க மறந்து, வண்டியின் கையேட்டைப் புரட்டினாள். அரபிக் கையேட்டில் கதவு பற்றி நான்கு பக்கம் இருந்தது, எல்லாம் பட்டனைப் பற்றியவை. ஆங்கிலக் கையேட்டில் ஐந்து பக்கம். ஐந்தாவது பக்கத்தில், மின்சாரம் முற்றிலும் போனால் பின் கதவின் கீழ்ப்பையில் ரப்பர் மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கயிற்றை முன்னோக்கி இழுக்க வேண்டும் என்று படத்துடன் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்க யாரோ மறந்திருக்கிறார்கள்.

நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். தர்வத்திடம் காட்டினாள். "நாம இதைச் சொன்னா, மின்சாரம் போகும்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உள்ள வை" என்றான். இரண்டு நாள் உள்ளேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மைக்ரோபஸ் ஏறி அவள் கால்வாய்க் கரைக்குப் போனாள்.

ஹாஜ்ஜா படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கதவின் பையைத் தடவினாள். பிளாஸ்டிக் உறை பையின் அடிவரை போய் ஒட்டியிருந்தது. மூடி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. உள்ளே போய்க் காய்கறிக் கத்தியை எடுத்து வந்தாள்.

"ஐயோ, புது வண்டியை!" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல். "கண்ணு பட்டுடும், இன்ஷிராஹ்! சின்ன துவாரம் போட்டா போதாதா?"

"உன் கண்ணுதான் ரெண்டு வருஷமா பட்டுக்கிட்டிருக்கே, இன்னும் என்ன மிச்சம்?" என்றபடியே கிழித்தாள். ஒரு கதவு, இன்னொரு கதவு, பிறகு இருக்கைகள். பிளாஸ்டிக் மலைபோல் முற்றத்தில் குவிந்தது. கிழித்து முடித்துக் கடைசியில் அந்தக் குவியலை ஒரு கணம் பார்த்தாள். யும்னாவுக்கு அவள் அழுதுவிடுவாள் என்று தோன்றியது. அவள் கத்தியைத் துடைத்துவிட்டு, பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரன் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினான். கண்ணை மூடிக்கொண்டு அவள் கயிற்றைத் தேடுவது கண்ணாடி வழியே தெரிந்தது. கதவு திறந்தது.

"இனி இதை மூணு பேரும் தூக்கத்துல செய்யணும்" என்றாள்.

பயிற்சி அப்படித்தான் தொடங்கியது. தையல்காரர் ராம்ஸிஸ், முன்னாள் தபால்காரர் அம்மு பையூமி, கோழி வளர்க்கும் அம்மாள் ஸித் ரவ்ஹியா. மூவரையும் உள்ளே அடைத்து, பேட்டரியைப் பிடுங்கி, ஹாஜ்ஜா உரக்க எண்ணுவாள். முதல் நாள் ஐம்பது வரை எண்ணினாள். காரணம் கயிறு அல்ல. கதவு பத்திலேயே திறந்துவிட்டது.

"நீங்க முதல்ல இறங்குங்க, ஸித் ரவ்ஹியா" என்றார் அம்மு பையூமி.

"சத்தியமா மாட்டேன், வயசுல பெரியவர் நீங்க இருக்கப்ப."

"நீங்க இறங்காம நான் இறங்கினா என் வளர்ப்பு என்ன ஆகுறது? ராம்ஸிஸ், நீயாவது போ."

"உங்க ரெண்டு பேரையும் தாண்டியா? என் மேல சத்தியம், நடக்காது."

"நீங்க மூணு பேரும் செத்துப்போனீங்க!" என்று வெளியிலிருந்து கத்தினாள் ஹாஜ்ஜா. "முப்பதுலயே செத்துட்டீங்க! மரியாதையைக் கரையில வச்சுக்கலாம். கதவுப் பக்கம் இருக்கிறவர் முதல்ல, நடுவுல இருக்கிறவர் ரெண்டாவது. எவனாவது 'நீங்க முதல்ல'ன்னான்னா, திரும்ப நடந்துதான் வீட்டுக்குப் போகணும்!"

ராம்ஸிஸ் இரண்டு கயிறுகளின் நுனியிலும் சிவப்புத் துணியை வைத்துத் தைத்தார், கை தடவினாலே தெரியும்படி மடித்து மடித்துக் கெட்டியாக. ஹாஜ்ஜா தனக்கும் ஒரு பாடம் வைத்துக்கொண்டாள். வண்டி மூக்கு தண்ணீரில் இறங்கினால் முன் கதவு திறக்காது, ஓட்டுபவள் பின்னால்தான் ஏறி வர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், நீள அங்கியைச் சுருட்டிக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே அவள் தவழ்ந்து வருவதைப் பார்க்கத் தெருவே கூடியது. ஸித் ரவ்ஹியா சிரித்துச் சிரித்து இருமினாள். இருபத்திரண்டு, பதினேழு, பதினான்கு என்று இறங்கி, ஒரு மாதத்தில் பதினொன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

"வேற வண்டி பாக்கக்கூடாதா, ஹாஜ்ஜா?" என்று ஒருநாள் கேட்டாள் யும்னா.

"இதை யாருக்கு விக்கிறது? வாங்குறவன் பின்னாடி யாரை உக்கார வைப்பான்னு எனக்குத் தெரியுமா?"

வேறு வண்டி வரும்வரை நிறுத்திவைக்கவும் முடியாது. ஒரு நாள் தவறினால் மூன்று உடம்புகளில் விஷம் ஏறும். அன்றிலிருந்து யும்னா ஒவ்வொரு வெள்ளியும் போய் நின்றாள். எண்ணும் வேலையை ஹாஜ்ஜா அவளிடம் கொடுத்திருந்தாள். வாய் திறந்து உரக்க எண்ணியது அவளுக்கும் ஒரு பழக்கமாயிற்று.

ஜனவரி மாதக் குளிர், கால்வாய் மேல் மூடுபனி. காலை ஏழு மணி. செங்கல் சூளையைத் தாண்டிய வளைவில் வண்டி ஐந்தாவது தடவையாகச் செத்தது. ஸ்டீயரிங் இறுகியது. ஹாஜ்ஜா தன் முழுப் பாரத்தையும் போட்டுத் திருப்பினாள், பிரேக்கை மிதித்தாள். பாதி திரும்பியது. ஈரச் சரிவில் வண்டி மெதுவாக, மிக மெதுவாக, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது.

"ஒண்ணு" என்றாள் ஹாஜ்ஜா.

பின்னால் இருந்தவர்கள் அதைத்தான் பிறகு சொல்லிச் சொல்லி மாளவில்லை. அல்லாஹ் என்றோ ஐயோ என்றோ அவள் கத்தவில்லை. முற்றத்தில் கேட்ட அதே குரலில் 'ஒண்ணு' என்றாள். அந்தக் குரல் கேட்டதும் கைகள் தாமாகச் சிவப்புத் துணிக்குப் போயின. மூன்றில் வலது கதவு திறந்தது, நான்கில் இடது கதவு. ஐந்தில் ராம்ஸிஸ், ஆறில் ஸித் ரவ்ஹியா, ஏழில் அம்மு பையூமி. எட்டை அவள் இருக்கைகளுக்கு நடுவே தவழ்ந்தபடி எண்ணினாள். முழங்கால்வரை தண்ணீர். பத்தில் கரைச் சேறு கைக்குக் கிடைத்தது. பதினொன்று என்று அம்மு பையூமி கரையிலிருந்து சொன்னார். அவர் அக்குளில் ரொட்டிப் பொட்டலம் நனையாமல் இருந்தது.

நால்வரும் திரும்பிப் பார்த்தபோது வண்டியின் கூரை மட்டும் பனிக்குள் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் அங்கே நிற்கவில்லை. கீரை ஏற்றி வந்த ஒரு பிக்கப்பை மறித்து, மூவரையும் கீரைக்கட்டுகளின் மேல் ஏற்றி, போர்வை வாங்கிப் போர்த்தி, அரை மணி தாமதத்தில் மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஊசி குத்தி, இயந்திரம் சுழலத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள்.

பல மாதம் கழித்து அந்த வகை வண்டிகளையெல்லாம் நிறுவனம் திரும்ப அழைத்து ஒரு கம்பியை மாற்றிக்கொடுத்தது. ஹாஜ்ஜா இப்போது கையால் திறக்கும் கதவுகள் உள்ள வேறொரு வண்டியில், அதே சாலையில், அதே மூன்று பேரை ஏற்றிப்போகிறாள். யும்னாவும் வேறு இடத்தில் வேலை செய்கிறாள். ஆனால் அவள் நினைவு வந்து நிற்பது அந்தக் காலை பத்தரை மணியில்தான்.

விற்பனை நிலையத்தின் பளிங்குத் தரையில் சேற்றுக் காலடிகள் நேராக மேசை வரை வந்தன. அங்கியின் ஓரம் இன்னும் காயாமல் காலில் ஒட்டியிருந்தது. தர்வத் கையிலிருந்த தேநீரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"ஹாஜ்ஜா... யாருக்காவது..."

"நாலு பேரும் இருக்கோம். உங்க ரேடார் கண்ணை நல்லா கழுவிட்டேன், எஞ்சினியர் ஐயா. கால்வாய்ல போய்ப் பாருங்க."

அவள் அதற்குமேல் அவன் பக்கம் திரும்பவில்லை. யும்னாவுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து, ஈரத்தோடு உட்கார்ந்தாள். இடது கையைப் பிரித்தாள். பின்னால் இருந்தவர் ஒருவர் இழுத்த வேகத்தில் அறுந்துவந்த கயிற்றுத் துண்டு ஒன்று, அதன் நுனியில் சேறு படிந்த சிவப்புத் துணி. யும்னா அதைப் பார்த்தாள்.

"இன்னும் இருபத்தேழு பேர் இருக்காங்கன்னு சொன்னியே" என்றாள் ஹாஜ்ஜா.

"இப்ப முப்பத்தொண்ணு."

"அவங்க நம்பரெல்லாம் உன்கிட்ட இருக்கில்ல? அவங்க யாரும் பிளாஸ்டிக்கைக் கிழிச்சிருக்க மாட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, பொண்ணே, இல்லன்னா நானே பண்ணியிருப்பேன். ஒருத்தர் விடாம கூப்பிடு. மூடி எங்க இருக்கு, கயிறு எந்தப் பக்கம் இழுக்கணும்னு உன் வாயால சொல்லு. போனை வைக்காம அவங்களைக் கதவுகிட்டப் போகச் சொல்லு, கை கயிறைத் தொட்டுச்சுன்னு அவங்க சொல்றவரைக்கும் விடாதே. இப்பவே ஆரம்பி. முடியறவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."