முன்சக்கரத் தடம்

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து நான் புகுந்த வீட்டுக்கு வந்து இறங்கிய காலையில், முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய பட்டாள லாரி. அதன் முன்மூடி திறந்திருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வெளியே எடுத்த எஞ்சின், மூன்று கால் நட்டுக் கட்டிய சங்கிலியில் தொங்கியது. அது ஆடாமல் இருக்க ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி என் கணவரின் அண்ணன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறு கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். முகத்தை எஞ்சின் பக்கமே திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணனை மச்சாண்டார் என்போம். தம்பி மனைவி மச்சாண்டாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். அதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் அன்று முழுக்க, நான் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எதையும் ஒன்றுக்கு நாலு தடவை யோசிப்பது என் சுபாவம். குழந்தை பிறந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, சாலையோரத்தில், முன்னால் வீடும் பின்னால் பட்டறையுமாக இருந்தது எங்கள் இடம். எழுபதுகளின் கடைசி அது. பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய வந்துகொண்டிருந்தன. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள். உழுத காட்டிலும் ஓடைச் சேற்றிலும் நிற்காமல் போகும். ஆனால் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏறியபின் கட்டுபடியாகாமல் பலர் வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டார்கள். அவற்றுக்கு டீசல் எஞ்சின் மாற்றிக் கொடுப்பதுதான் மச்சாண்டாரின் தொழில்.

ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதுதானே என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டீசல் எஞ்சின் கனமானது. அது உட்காரும் தாங்கிகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். பாரம் தாங்கும் முன்பக்க இரும்பு வில்லுக்கு இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட, அது மெதுவாகச் சுற்றுகிற எஞ்சின். அப்படியே விட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். அதனால் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களையும் மாற்றுவார். பின் அச்சில் மாற்றினால் முன் அச்சிலும் அதே அளவில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றப் பார்த்து, ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே எதையாவது முறித்துவிடும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு முன்சக்கர இழுவை எதற்கு என்று பின் அச்சை மட்டும் மாற்றி, அந்த இழுவையைப் போடும் முன் லீவரைக் கழற்றி எறிந்துவிடும் பட்டறைகளும் இருந்தன. மச்சாண்டார் அதைச் செய்ய மாட்டார். "நாலு சக்கர வண்டின்னு வந்துது. நாலு சக்கர வண்டியாத்தான் போவோணும்" என்பார். இதையெல்லாம் என்னிடம் சொன்னதில்லை. சாப்பிடும்போது அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொல்வார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்வேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் மாற்றிய வண்டியை, எங்கள் வீட்டார் அதில் ஏறிப் போய் வராமல் உரியவரிடம் கொடுக்க மாட்டார். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் எங்கள் குலதெய்வம் இருக்கிறது. போகிற வழியில் பாதி தார்ச்சாலை, மீதி மண்பாதையும் ஆற்று மணலும். ஓட்டுகிற அவருக்குப் பக்கத்தில் அத்தை; பின்னால் நான். என் கணவருக்குச் சேலத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கைக்குழந்தையோடு முதல் தடவை ஏறச் சொன்னபோது ஒரு சாக்குத் தேடினேன். "கொழந்தைக்குச் சளிங்க அத்தே. அடுத்த வண்டிக்கு வர்றோமுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்தவன் பொண்டாட்டி புள்ளைய ஏத்தப்போற வண்டி. அதுல நம்ம புள்ளைய ஏத்தப் பயந்தா, அதை எப்படி அம்மணி குடுக்கறது?" என்றார் அத்தை. அது அவர் மகனின் வாசகம் என்று எனக்குத் தெரியும். சளி ஒன்றும் இல்லை என்பதைக் குழந்தையும் சிரித்தே காட்டிக்கொடுத்துவிட்டாள். ஏறினேன். போகும் வழியெல்லாம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விபத்தைக் கற்பனை செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மகள் வந்த பிறகு வீட்டில் ஒரு வசதி ஏற்பட்டிருந்தது. "சாமி, பெரியப்பாவுக்குச் சோறு ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்று மடியில் இருப்பவளிடம் உரக்கச் சொல்வேன். "சாமி, கையக் கழுவிட்டு வாரேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று பட்டறையிலிருந்து பதில் வரும். இருவர் பேச்சையும் சுமந்தவள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருப்பாள். தபால்காரி என்று அத்தை அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்.

அவளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியின் லாரி வந்தது. மலையடிவாரத்தில் அவருக்கு மரவள்ளிக் காடு. அதற்கும் சாலைக்கும் நடுவில் ஓர் ஓடையும் ஏற்றமும். மழை பெய்தால் டிராக்டர் நின்றுவிடுமாம். வெட்டிய கிழங்கு ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வாங்க மாட்டார்கள். அந்த லாரியை நம்பித்தான் அவருடைய அந்த வருட வெள்ளாமையே இருந்தது. வேலை முடிந்தது என்று ஆள் அனுப்பியதும், மறுநாள் கிழங்கு வெட்ட ஆட்களுக்குச் சொல்லிவிட்டு, பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வழக்கம்போலக் கோயிலுக்குப் போய்வந்து கொடுப்பதாக மச்சாண்டார் சொன்னார். அவரும் எங்களோடு ஏறி, பின்னால் எனக்கு எதிர் மூலையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

நான் எப்போதும் பின்பலகை ஓரத்தில்தான் உட்காருவேன். ஏதாவது ஆனால் குழந்தையோடு இறங்குவதற்கு அதுதான் சௌகரியம் என்பது என் கணக்கு. அதனால் வண்டி போன வழி முழுக்க என் கண்முன் விரிந்துகொண்டே போகும். சாலையை விட்டு இறங்கி ஆற்றங்கரை மணலில் ஒரு வளைவு. வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது. சற்று உள்ளே தள்ளி வரும். அதனால் மணலில் இரண்டு தடமும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் அச்சு வார்த்தது போலத் தெளிவாக இருந்தன. பிறகு மணல் இளகலாக ஆரம்பிக்கும் இடத்தில் மச்சாண்டார் வண்டியை நிறுத்தி, முன் லீவரைப் போட்டார். இனி நான்கு சக்கரமும் இழுக்கும். அடுத்த வளைவு வந்தது. பின்சக்கரத்தின் தடம் முன்போலவே இருந்தது. முன்சக்கரத்தின் தடம் மட்டும், யாரோ உள்ளங்கையால் வழித்துவிட்டது போல, நெடுக இழுபட்டுக் கிடந்தது.

என் மடியில் குழந்தை, எதிரில் வண்டிக்காரரான அந்த விவசாயி. மணல் என்றால் அப்படித்தான் இருக்குமோ? இதற்கு முன் வந்த வண்டிகளில் அப்படி இருந்ததா? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு தடம் பார்த்த நினைவு இல்லை. எனக்கு என்ன தெரியும்? பி.யூ.சி. படித்தவள், எஞ்சினைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். நான் சொல்லி அது ஒன்றுமில்லை என்றாகிவிட்டால், வண்டிக்காரர் முன்னால் மச்சாண்டாருக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு! சொல்லாமல் விட்டால், ஓடையில் கிழங்குப் பாரத்தோடு ஏறும்போது ஏதாவது முறிந்தால்? இவருக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே. மூன்றாவது வளைவிலும் தடம் அப்படியே இழுபட்டிருந்தது. ஓட்டுகிற இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான். நான் முன்னால் நகர்ந்து போய், குழந்தையைத் தூக்கி அந்த ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

"சாமி, லீவர் போட்டதுக்கப்பறம் முன்சக்கரத்துத் தடம் கலைஞ்சு வருதுன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு. அதுக்கு முந்தி நல்லா இருந்துதுன்னு சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் வண்டி நின்றது.

அவர் இறங்கி வந்து தடத்தைப் பார்த்தார். குனிந்து தொட்டும் பார்த்தார்.  எங்களை இறக்கிவிட்டு, கீழே பலகை போட்டு, ஜாக்கி வைத்து ஒரு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கினார். இரண்டிலும் சாக்பீஸால் நேர் கீழே ஒரு கோடு போட்டார். லீவரைப் போட்ட நிலையிலேயே வைத்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினார்; முன்சக்கரமும் கூடவே சுற்றியது. அதன் கோடு மறுபடி கீழே வந்து நின்றது. முன்சக்கரத்தின் கோடு வந்து சேரவில்லை. முக்கால் சுற்றில் பக்கவாட்டில் நின்றது. திரும்பவும் சுற்றினார். திரும்பவும் அப்படித்தான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த வண்டிக்கு முன்னச்சு பின்னச்சு ரெண்டையும் முழுசாவே, ஒரே வண்டியில கழட்டினதுன்னு வாங்கிப் போட்டேன். பின்னதைப் பிரிச்சுப் பல்லை எண்ணினேன். முன்னதைப் பிரிக்கலீங்க. அதை எவனோ எங்கியோ மாத்தியிருக்கான்" என்றார் வண்டிக்காரரிடம். உடனே, "அவனைச் சொல்லி என்ன? நான் பிரிச்சிருக்கோணும். தப்பு என்ற மேல" என்றார்.

வண்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு அந்த லீவரே வேணாம்பா. ரெண்டு சக்கரத்துல நல்லாத்தானே வந்துச்சு? அப்படியே குடுத்துடு. நாளைக்கு ஆளு வருது."

"மழை பெஞ்சா ஓடையில அந்த லீவரைத்தானுங்க போடுவீங்க. நீங்க போடாட்டி உங்க டிரைவர் போடுவான்."

"பச்சப்புள்ள சொல்லி வண்டிய நிறுத்துற பட்டறைய இன்னைக்குத்தான்பா பாக்குறேன். ஊருல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமுங்க. வண்டி தரமாட்டேன்" என்றார் மச்சாண்டார். குரல் உயரவே இல்லை. "கெழங்கு மண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுங்க. வெட்டினாத்தான் கெடும். இப்பவே பஸ் ஏறிப் போயி ஆளை நிறுத்துங்க. வண்டி ஆனதும் நானே ஆள் உடறேன்."

வண்டிக்காரர் கோபத்தோடு போனார். நான்தான் இத்தனைக்கும் காரணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மச்சாண்டார் லீவரை எடுத்துவிட்டு, வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்தார். இறங்கும்போது குழந்தையின் தலையில் கையை வைத்து, "சாமி, நல்ல வேலை பண்ணுனே" என்றார். அன்றைக்கே முன்னச்சைக் கழற்றிப் பிரித்தார். பல்லின் கணக்கு வேறுதான். அதை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருக்கலாம். அவரோ பிரித்த பல்சக்கரத்தைப் பட்டறை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். "என்ற தம்பி சம்சாரம் தடத்தைப் பார்த்துக் கண்டுபுடிச்சுது" என்று அவர் சொல்வது, கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மடியில் இன்னொருவன் இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் எனக்குக் கைகால் ஓடாது; மருந்தைக் கொடுத்துவிட்டு, சரியாகத்தான் கொடுத்தோமா என்று சீசாவை மறுபடி எடுத்துப் படிப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். மச்சாண்டார் மட்டும் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. பட்டறையில் இப்போது நிறைய ஜீப்புகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இன்றும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டுத்தான் கைமாறுகிறது. அவர் நல்ல தொழில்காரர் என்று ஊரில் சொல்வார்கள். தன் வேலையில் தவறு இருக்கலாம் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னதும் வண்டியை நிறுத்தத் தெரிந்த மனிதர் அவர். எனக்குப் பெருமை அதில்தான்.

அன்றைய கதைக்கு வருகிறேன். அந்த லாரிக்குப் பொருத்தமான பல்சக்கரம் கிடைத்து, மறுபடி ஆற்றங்கரைக்குப் போனோம். வண்டிக்காரர் கோயிலில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஏறும்போது அத்தை, "இந்தத் தடவை நீ முன்னால உக்காரு அம்மணி. நான் பின்னால போறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மச்சாண்டார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "இல்லீங்கம்மா. அது பின்னாலயே உக்காரட்டும். அங்கதான் தடந் தெரியும்" என்றார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

முன் லீவரைப் போட்டு, மணலில் மூன்று வளைவுகளையும் சுற்றினார். கடைசி வளைவு தாண்டி வண்டியை நிறுத்தினார். ஜன்னல் வழியாக, "சாமி, தடம் எப்படி இருக்குதுன்னு உங்கம்மாளைக் கேளு" என்றார்.

நான் மடியைப் பார்த்தேன். தபால்காரி வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் ஒரு தடவை மணலைப் பார்த்தேன், இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"ரெண்டு தடமும் தெளிவா இருக்குதுங்க" என்றேன்.

 "செரி" என்றார் மச்சாண்டார். எஞ்சின் உயிர்பெற்றது.

கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் வண்டிக்காரர் நின்றிருந்தார். இன்னும் கோபம் ஆறியிருக்கவில்லை. "என்னப்பா, இன்னைக்குக் குழந்தை என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

மச்சாண்டார் இறங்கி, சாவியை அவர் கையில் வைத்தார்.

"கொழந்தை தூங்கிப்போச்சுங்க. அதோட அம்மாவே சொல்லிருச்சு. எடுத்துட்டுப் போங்க."