ரெசின் சிந்திய மெத்தை

கண்டி வாவியில் ஓடும் படகுகளின் பைபர் உடம்பில் வெடிப்பு விழுந்தால் ரெசின் பூசி அடைக்க ஒருவர் வருவார். உரசிய தூளில் அவருடைய புருவம் எப்போதும் வெளுத்திருக்கும். வேலை தொடங்குமுன் படகின் மெத்தைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிடுவார். யுத்த காலம். நான் அங்கே டிக்கெட் விற்றேன். எங்களுக்குள் சிங்களம்தான். நான் அவரை ‘ஐயே’, அண்ணே, என்பேன்; அவர் என்னை ‘மல்லி’, தம்பி, என்பார்.

அன்று மழை தூறியதால் மெத்தைகளை உள்ளேயே விட்டிருந்தார். டின் சாய்ந்து ரெசின் மெத்தையில் கொட்டியது. நான் ஒரு துணியை எடுத்துத் தேய்க்கப் போனேன்.

“தேய்க்காதேங்கோ! உள்ளுக்கு இறங்கிடும்!”

அசல் யாழ்ப்பாணத் தமிழ். என் கை சட்டென்று நின்றது. எனக்குத் தமிழ் விளங்குகிறது என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போனார். சற்றுத் தள்ளி இரண்டு சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாவலப்பிட்டித் தமிழனான நானும் அந்தக் கரையில் தமிழ் பேசியதில்லை.

“ஹரி, ஐயே,” என்றேன், சிங்களத்தில்.

அவர் அட்டைத் துண்டால் ரெசினை வழித்தார். அசிட்டோனில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தார். கறை சுத்தமாகப் போய்விட்டது. மறுநாள் அவர் வரவில்லை. பிறகும் வரவேயில்லை.

அவர் சிப்பாய்களுக்குப் பயந்தாரா, எனக்கா? சிங்கள ஹரிக்கும் தமிழ்ச் சரிக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ‘சரி, அண்ணே’ என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.