கன்ட்ரோல் ஈ அடித்தால் கல்யாணப் பத்திரிகை

1. மெஷினில் கோளாறு இல்லை

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் எனக்கு வந்த புகார்களிலேயே விசித்திரமானது, லஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து வந்ததுதான். "சார், நான் அடிக்கற பாராவெல்லாம் தானாவே நடுவுல போய் நிக்கறது. வைரஸா இருக்குமோ?" என்று போனில் கேட்டார் அங்கே டைப்பிஸ்டாக இருந்த வசந்தா மேடம். அதற்கு முந்தின வாரம்தான் அந்த ஆபீஸின் பழைய டாஸ் மெஷினை எடுத்துவிட்டு, விண்டோஸ் 95 போட்ட புது மெஷினை வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆன்டி வைரஸ் ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை உதைத்தேன்.

மயிலாப்பூரில் பெரிய வக்கீல்கள் பலருக்கு வீட்டின் முன்பக்கமே ஆபீஸ். நான் நுழைந்தபோது சீனியர் வக்கீல், கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய ஓர் அபிடவிட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன வசந்தா, அபிடவிட்டா, கல்யாணப் பத்திரிகையா? கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டுடு. ஜட்ஜ் குடும்பத்தோட வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அவர் மகன் ஸ்ரீதர் சிரிக்கவில்லை. அவரும் வக்கீல்தான், புது மெஷினை வாங்கச் சொன்னதே அவர்தான். "மாமி, மாசக் கடைசிக்குள்ள விண்டோஸ் பழகிக்கோங்கோ. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எல்லார் எதிரிலும் சொன்னார். மேடம் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

மேடத்தை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். காரணம் உடனே பிடிபட்டது. டாஸில் அவர் அடித்துக்கொண்டிருந்தது வேர்ட்ஸ்டார் என்கிற பழைய புரோகிராமில். அதில் கன்ட்ரோல் ஈ அடித்தால் கர்ஸர் ஒரு வரி மேலே போகும். புது மெஷினில் இருந்த மைக்ரோசாஃப்ட் வேர்டிலோ அதே கீ பாராவை நடுவில் நிறுத்திவிடும். மேல் வரியில் பிழை திருத்த ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு பாரா நடுவுக்கு நகர்ந்திருக்கிறது. மெஷின் சொன்னதைத்தான் செய்தது.

2. கையிடம் கேட்டது

"அம்புக்குறி கீ இருக்கு, மௌஸ் இருக்கு. அதைப் பழகிக்குங்களேன் மேடம்" என்றேன்.

"சீனியர் சொல்லிண்டே போறச்சே கையை அங்கே இங்கே எடுத்தா ரெண்டு வரி போயிடும் சார். மாம்பலத்துலேர்ந்து இத்தனை வருஷமா வந்துண்டிருக்கேன். இந்த வயசுல எனக்கு இன்னொரு ஆபீஸ்ல எவன் வேலை குடுப்பான்?"

அவர் சொன்னது சால்ஜாப்பு இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. சீனியர் நடந்துகொண்டே டிக்டேஷன் சொல்ல ஆரம்பித்தார். மேடம் ஸ்கிரீனையும் பார்க்கவில்லை, கீபோர்டையும் பார்க்கவில்லை. சீனியரின் வாயைப் பார்த்துக்கொண்டே அடித்தார். "இல்லை, அந்த வரியை எடுத்துடு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வரி போயிருக்கும். அப்படி ஒரு கையை நான் அதுவரை பார்த்ததில்லை. இந்தக் கையை வீட்டுக்கு அனுப்பினால் நஷ்டம் ஆபீஸுக்குத்தான் என்று தோன்றியது.

வேர்டில் கீக்களை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள ஓர் இடம் உண்டு. பழைய கீக்களை அதில் ஒவ்வொன்றாக ஏற்ற உட்கார்ந்தேன். "வரியை அழிக்க என்ன கீ மேடம்?" என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "இருங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓடவிடுவார். விரல் எங்கே இறங்கியது என்று நான் பார்த்துக் குறித்துக்கொள்வேன். இப்படியே எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். அவர் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் இது என் மெஷின்" என்றார்.

சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். அதே மெஷினில் இன்னொருவரும் அடிப்பார் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

3. கரண்ட் போன காலை

சில நாள் கழித்து பிரின்டர் பார்க்கப் போயிருந்தேன். ஸ்ரீதர் தானே உட்கார்ந்து ஒரு ஸ்டே பெட்டிஷன் அடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே ஃபைல் பண்ண வேண்டியது. பொட்டென்று கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரியும் கை விரித்துவிட்டது.

கரண்ட் திரும்பியபோது பெட்டிஷனில் ஒரு வரிகூட இல்லை. "பாராவுக்குப் பாரா ஸேவ் பண்ணினேனே!" என்று கத்தினார். ஸேவ் பண்ண அவர் அடித்தது கன்ட்ரோல் எஸ். நான் ஏற்றி வைத்த பழைய கீப்படி அது கர்ஸரை ஓர் எழுத்து இடப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"என் மெஷின்ல என்னாலயே ஸேவ் பண்ண முடியாதா? எல்லாத்தையும் இப்பவே எடுங்க சார். மாமி, இதுக்கு மேலே என்னால முடியாது."

வாசலில் குமாஸ்தா முனுசாமி கேஸ் கட்டோடு நின்றார். "சார், டைம் ஆய்க்கினே போவுது. பேப்பரு குட்த்தாத்தான் நான் கோர்ட்டாண்ட போவ முடியும்."

வசந்தா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்புறமா கோச்சுக்கோங்கோ ஸ்ரீதர். இப்போ சொல்லுங்கோ, நான் அடிக்கறேன்."

அதுவரை ஸ்ரீதர் யாருக்கும் டிக்டேஷன் சொன்னதில்லை. முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு எழுந்து அப்பா மாதிரியே நடக்க ஆரம்பித்தார். மேடம் எங்கேயும் பின்தங்கவில்லை. முனுசாமி பேப்பரோடு ஓடியபோது கோர்ட் டைமுக்கு அவகாசம் இருந்தது.

மேடம் என்னிடம் திரும்பினார். "எங்காத்துல மாமியாருக்கு மடி அடுப்பு தனி, எங்களுக்குத் தனி. அதனாலதான் சார் சண்டை இல்லாம இருக்கோம். இதுல அந்த மாதிரி முடியாதா?"

முடிந்தது. இரண்டு ஐகான் வைத்தேன். அவரவர் ஐகானைத் திறந்தால் அவரவர் கீ செட்டிங் காப்பியாகி, பிறகு வேர்ட் திறக்கும். அதைச் செய்தது, கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் டாஸ் காலத்துச் சின்ன பேட்ச் ஃபைல்தான். மாசக் கடைசி வந்தது, போயிற்று. ஸ்ரீதர் வேறு ஆளைப் பற்றிப் பேசவேயில்லை.

4. அடுத்த விண்டோஸ்

பிறகு அடுத்த விண்டோஸும் வந்தது. அதைப் போடப் போனபோது, "மேடம், உங்க பழைய கீயெல்லாம் முதல்ல ஏத்திடறேன்" என்றேன்.

"எனக்கு வேண்டாம் சார். மாசக் கடைசின்னு ஸ்ரீதர் சொன்ன பயம் இருக்கே, அது போகவே இல்லை. தினம் எல்லாரும் சாப்பிடப் போறச்சே அவரோட ஐகானைத் திறந்து புதுசையும் கத்துண்டுட்டேன். இப்போ ரெண்டும் வரும்."

அசந்துவிட்டேன். "அப்ப பழைய ஐகானை எடுத்துடட்டுமா?"

"ஐயையோ, எடுத்துடாதீங்கோ. இப்போ அதுலதான் ஸ்ரீதர் அடிக்கறார். கையை எடுக்காம அடிக்கறது எப்படின்னு எங்கிட்ட உக்காந்து கத்துண்டார்."

சிஸ்டம் மாற்றப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால், அதில் வேலை செய்கிறவரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் கை போகிற வழியைப் பாருங்கள். அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம்.