அமாவாசைக்கு தூங்காத தம்பி

டேய் வரதா, இத நீ கேட்டா "போக்கா, கத விடாத"ன்னு சொல்லுவ. கத இல்லடா. அப்போ நீ ரெண்டு மாசக் கொழந்த, எனக்கு எட்டு வயசு.

எட்டு மாசத்துலயே பொறந்துட்ட நீ. எலிக்குட்டி மாதிரி இருப்ப. கூரத்துல இருக்குற தாய்வீட்டுல இருந்து அம்மா உன்ன தூக்கிக்கினு வந்த அன்னிக்கே நர்ஸம்மா வீட்டுக்கு வந்து கண்டிஷனா சொல்லிட்டாங்க. "தெனம் ஒரே நேரத்துல தூங்க வைம்மா. மல்லாக்க படுக்க வை. தலகாணி வேணாம், மூஞ்சில துணி வேணாம். நல்லா தூங்கி எழுந்து பால் குடிச்சா தான் எட ஏறும். ரெண்டு வாரம் கழிச்சி தராசோட வர்றேன்."

அம்மாவுக்கு நூல் சுத்துற வேல. அதனால நீ என் பொறுப்பு. நான் நர்ஸம்மாவ விட மோசம். ஈ மொய்க்குதுன்னு அத்த உன் மூஞ்சில துணி போட்டா புடுங்கிடுவேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்குகிட்ட வெரல வெச்சு மூச்சு வருதான்னு பாப்பேன். நைனா தறியில இருந்தே சிரிப்பாரு. "தூங்குறவன் எங்கம்மா ஓடப்போறான்? வெரல எடு."

காலையில நைனா தறியில ஒக்காந்து தடக் தட், தடக் தட்னு ஆரம்பிச்சா, மூலையில பாய் மேல கெடக்குற உனக்கு கண்ணு சொருகிடும். நான் தான் தூங்க வெச்சேன்னு தெருவெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சேன்.

நர்ஸம்மா வர்றதுக்கு மொத நாளு அமாவாசை. அமாவாசைக்கு நம்ம தெருவுல யாரும் தறிய தொட மாட்டாங்க. தெருவே கம்முனு இருக்குது, நீ மட்டும் கத்துற. அம்மா தோள்ல போட்டுக்கினு நடந்தாங்க. அத்த மொளகாய சுத்தி அடுப்புல போட்டாங்க, எங்களுக்கு தான் இருமல் வந்துச்சு. நைனா பாடுனாரு. அதுக்கு நீ இன்னும் கத்துன.

மத்தியானம் ஆயிடுச்சு, பாலும் குடிக்கல. நாளைக்கு தராசு வேற வருது. அப்போ தான் சும்மா கெடக்குற தறிய பாத்தேன்.

"நைனா, தறிய ஓட்டு நைனா, தூங்கிடுவான்."

"அமாவாசைக்கா? தெருவே காறித் துப்பும்."

நான் மணைய கவுத்துப் போட்டு பூரிக்கட்டையால தட்டுனேன். தடக் தட், தடக் தட். பத்து தட்டு தான், விக்கிக்கினே கண்ண மூடிட்ட. நிறுத்துனா முழிச்சிக்கிற. அதனால அம்மா கொஞ்ச நேரம், அத்த கொஞ்ச நேரம். கடைசில நைனா.

எதிர்வீட்டு மாமா கோவமா வாசல்ல வந்து நின்னாரு. "இன்னாப்பா, ஊருக்கெல்லாம் அமாவாசை, உனக்கு மட்டும் பௌர்ணமியா?"

உள்ள வந்து பாத்தா நைனா சப்பணம் போட்டுக்கினு மணைய தட்டிக்கினு இருக்காரு. மாமா உன்ன பாத்தாரு, மணைய பாத்தாரு. கொஞ்ச நேரம் காது குடுத்து கேட்டாரு.

"ரெண்டாவது தட்டு சரியா வுழல. குடு இப்பிடி"ன்னு பூரிக்கட்டைய வாங்கிக்கினு ஒக்காந்துட்டாரு.

நீ எழுந்து பால வயிறு முட்ட குடிச்ச. மறுநாளு தராசுல முள்ளு ஏறுச்சு. நர்ஸம்மா என் கன்னத்த கிள்ளுனாங்க. தறி சத்தம் இல்லாம இவன் ஜென்மத்துக்கும் தூங்கமாட்டான்னு நான் அவங்ககிட்ட சத்தியம் பண்ணி சொன்னேன்.

போன மாசம் ஜுரத்துல நீ போயிட்ட. பத்தொம்பது வயசு. அன்னிக்கு அமாவாசை இல்ல, ஆனா தெருவுல ஒருத்தரும் தறி போடல. அவ்ளோ கம்முனு இருந்தும் நீ மல்லாக்க படுத்து தூங்கிக்கினு இருந்த. நான் மூக்குகிட்ட வெரல வெச்சேன். நைனா பாத்துக்கினு தான் இருந்தாரு. எடுன்னு சொல்லல.

இத படிக்கிறவங்க எல்லாரும் எங்க வரதனுக்காக ஒரு தரம் சாமிகிட்ட வேண்டிக்கோங்க. தறி போடுறவங்க, ஒரு தட்டு தட்டும்போது அவன நெனச்சிக்கோங்க. நல்லா தூங்கட்டும்.