பாலில்லாத பாலப்பம்

சாப்பாட்டுக் கடை நடத்துகிற சகோதரங்களே, இந்த நாட்டில் அப்பம் சுடுவது லேசு, அதற்கொரு பேர் வைத்து விற்பதுதான் பெரிய பாடு. நான் றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவி மேலே வந்தவன். சட்டம் படிக்கவில்லை, பேரம் பேசப் படித்திருக்கிறேன். கோபமும் கொஞ்சம் முந்தி வரும்.

கோழித்தூள்

ஷ்லீரன் பட்டணத்தில் கடை திறந்த புதிதில், என் மனைவி கமலா வறுத்து அரைத்த கறித்தூளைப் பையில் அடைத்தேன். கோழிக்கறிக்கு ஒரு பக்குவம், மீன்கறிக்கு வேறு. வீட்டில் சொல்கிற மாதிரியே கோழித்தூள், மீன்தூள் என்று இந்த ஊர்ப் பாஷையான ஜெர்மனில் எழுதி ஒட்டிவிட்டேன்.

கன்ரோன் என்கிற மாநில அரசிலிருந்து உணவுப் பரிசோதகர் வந்தா. மெலிந்த மனுசி, சிரிப்பே இல்லை. "இதில் எத்தனை வீதம் கோழி?" என்று கேட்டா. "ஒரு இறகும் இல்லை. கோழி சட்டிக்குள்ளை கிடக்கும், தூள் மேலாலை விழும்" என்றேன். எழுதிக்கொண்டா. அன்றைக்கு நியாயம் அவ பக்கம் என்றபடியால், 'கோழிக்கறிக்கான தூள்' என்று மாற்றினேன். கமலா லேபிள்களைச் சுரண்டிக்கொண்டே சொன்னா: "கண்ணெரிய வறுத்தது நான், பேர் வைச்சு மாட்டுப்பட்டது நீங்கள்."

சோயாக் கோழி

கோயில் திருவிழாக் காலத்தில் விரதக்காரருக்கென்று சோயாக்கறி போட்டேன். 'சோயாக் கோழி' என்று பேர். மனுசி திரும்பவும் வந்தா. மரக்கறிச் சாமானுக்கு மிருகத்தின் பேர் வைத்தால் வாங்குகிற ஆள் ஏமாந்துபோவாராம்.

"ஆர் ஏமாந்தது? ஒராளைக் காட்டுங்கோ" என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்ற செல்வம் அண்ணை, வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிறவர், தன் பார்சலைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, இது கோழியெண்டால் நான் ஏன் இண்டைக்கு வாங்கப்போறன்?"

பாலப்பம்

செல்வம் அண்ணை சொல்லியும் 'சோயாக் கோழி' என்ற பேரை எடுக்கவேண்டி வந்தது. மூன்றாம் தடவை வந்த மனுசி பாலப்பத்தில் கை வைத்தா. எங்கள் கடைக்கு ஆட்களைக் கொண்டுவந்ததே அந்த அப்பம்தான். நடுவில் விடுவது தேங்காய்ப்பால். நான் 'பால் அப்பம்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தேன். "மாட்டுப்பால் இல்லையே. பேரை மாற்றும்வரை பைக்கற் விற்க முடியாது. அரிசி ரொட்டி என்று போடுங்கள்" என்றா.

எனக்கு உச்சி கொதித்தது. அப்பத்தைப் போய் ரொட்டி என்பதோ? "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்டேன். "ஃப்ளைஷ்கேஸ்" என்றா. இறைச்சிச் சீஸ் என்று பேர், சீஸ் ஒரு துண்டும் கிடையாது. "அதுக்குள்ளை சீஸ் எங்கை?"

"அது வழக்கத்தில் உள்ள பேர். எல்லாருக்கும் தெரியும்."

"பாலப்பமும் எல்லாருக்கும் தெரியும். உங்கடை எல்லாருக்குள்ளை நாங்கள் இல்லையோ?"

மனுசி பேனையை மூடினா. பிறகு மீன் சந்தை மாதிரிப் பேரம். ஜெர்மனில் 'தேங்காய்ப்பால் விட்ட அரிசி அப்பம்' என்பதற்கு நான் இறங்கினேன். ரொட்டியை அவ விட்டா. மேலே தமிழில் 'பாலப்பம்' இருக்கும், அதைத் தொட விடமாட்டேன் என்று கல்லாவில் கையை ஊன்றி நின்றேன். மனுசி லேபிளைப் பார்த்துவிட்டு, தனக்கு வாங்க இரண்டு பைக்கற் எடுத்துக் கல்லாவில் வைத்தா. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறதென்று நான் கேட்கவும் இல்லை."

ஆகவே சகோதரங்களே, ஜெர்மனில் கன்ரோன்காரர் கேட்கிறதை எழுதுங்கோ, தமிழில் எங்கள் பேரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கோ.