கம்ப்யூட்டருக்குச் சூடு பார்த்த கதை

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா துபாயிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் வருவார். வந்தவர் வாயைத் திறந்தபடியே சிலையாகிவிடுவார். குரல் மட்டும், உரம் போட்டாயிற்றா, மாடு கன்று போட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். எனக்கு இதுவே பெரிய அதிசயம்.

அம்மாவின் தங்கைக்கு, அதாவது சித்திக்கு, இது போதவில்லை. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கொஞ்சம் ஓட்டலாம், படம் இப்படி நின்றுபோகாது என்றாள். அம்மா பயந்தாள். கருகிப்போனால் அப்பா முகத்தையே பார்க்க முடியாதே.

"சூடு ஏறும், அவ்வளவுதான்க்கா. பாத்துப் பாத்து ஏத்துனா ஒண்ணும் ஆகாது."

சூடு என்றதும் அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. முளைகட்டிய விதைநெல் மூட்டைக்குள் கையை விட்டு, சூடு மிஞ்சுகிறதா என்று பார்க்கிறவள் அவள்.

"அப்ப ஒரேடியா ஏத்தாத. கொஞ்சம் ஏத்தி, விட்டுப் பாரு."

சூடு எவ்வளவு என்று திரையிலேயே எண் தெரியும் என்றாள் சித்தி. அம்மா தன் கையைத்தான் நம்பினாள். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். ஃபேனுக்கு நான் பொறுப்பு. பெருமை தாங்கவில்லை எனக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் நீலத்திரையில் சித்தி வேகத்துக்கான எண்ணைக் கூட்டினாள். அந்த வெள்ளிக்கிழமை அப்பா தலையாட்டினார், தும்மினார், சிரித்தார். எதுவும் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்டி, இதோட நிறுத்திக்க."

"அத்தான் ஒரே எடத்துல உக்காந்திருக்காரு. பின்னாடி நடமாடுறது இன்னும் விட்டு விட்டுத்தான்க்கா வருது."

பின்னால் நடமாடியது அப்பாவின் அறையில் தங்கியிருந்த நண்பர். டீ போடுவார், சட்டை தேய்ப்பார். அவர் டீ போடுவது விடாமல் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சித்தி இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அதற்கடுத்த வாரமும் கூட்டினாள். பெட்டிக்குப் பின்னால் வரும் காற்றில் கையை நீட்டிய அம்மா, "கை பொறுக்கலடி" என்று சொல்லி முடிப்பதற்குள், பாதிப் பேச்சில் அப்பா மறைந்து திரை கறுத்துவிட்டது. ஆறவிட்டு, சித்தி வேகத்தை ஒரு படி இறக்கிப் போட்டாள். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. அப்பா வந்தார். பின்னால் நண்பர், தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே வந்து நின்று, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றார்.

"எதுவுமே நிக்கல சித்தி" என்று நான் குதித்தேன்.

சித்தி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி காற்றில் நீட்டிய கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அடுத்த லீவுக்கு நண்பரையும் அழைத்து வரும்படி அப்பாவிடம் சொன்னாள்.

கம்ப்யூட்டர்தான் நன்றாக ஓடுகிறதே, அவர் எதற்கு என்று கேட்டேன். சித்தி கல்யாணம் வரைக்கும் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.