தூளியில் வந்த வாசனை

பட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு என்றே நான் நம்பியிருந்தேன். அது பீரோவில் போடும் பாச்சை உருண்டையின் வாசனை என்று ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மகன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே என் கணவர் பீரோவைத் திறந்தார். என் முகூர்த்தப் பட்டுப் புடவை அவர் தறியில் நெய்தது. "ஆரணியில பொறந்தவனுக்கு நூல் புடவையில தூளியா?" என்று அதையே கட்டிவிட்டார். சில நாளில் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைத் தூக்கியதும் முகர்ந்து பார்த்தார். "எதுல படுக்க வெச்சிருந்தீங்க?" என்றார். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது. ரத்தம் எடுத்து, பிள்ளையை நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். மஞ்சள் இறங்காவிட்டால் உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டுமாம்.

சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "ரத்தத்துல ஜி சிக்ஸ் பி டி-ன்னு ஒரு என்சைம் இருக்குது. அதுல பல வகை. இவனுக்கு வந்தது பலவீனமான வகை. பாச்சை உருண்டை பட்டா சிவப்பணு உடைஞ்சிடும். இது உங்ககிட்டருந்து வந்திருக்குது. உங்க ரத்தத்துல பலமானது, பலவீனமானதுன்னு ரெண்டு வகை அணுவும் கலந்து ஓடுது, அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புடவையில் தூளி கட்டியது என் கணவர், பழி எனக்கா?

"கோவப்படாதீங்க. மலேரியா பரவின ஊருங்கள்ல இந்த வகை ரத்தம் நிறைய பேரக் காப்பாத்தியிருக்குது. அதனாலதான் உங்க வரைக்கும் வந்திருக்குது."

என் கை நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக உள்ளே இரண்டு வகை ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி குளிர்காய்ச்சலில் நடுங்கி நடுங்கிப் பிழைத்திருக்கிறாள். அதனால் நான் இருக்கிறேன். அவளைக் காப்பாற்றிய அதே ரத்தம் என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமா, பக்தியா என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள், பால் கொடுப்பதற்காக கணவர் விளக்கிலிருந்து எடுத்தபோது, மகன் அவர் வெள்ளைச் சட்டையில் பெய்துவிட்டான். அவர் குனிந்து பார்த்தார். துளியும் நிறமில்லை.

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, "மேடம், பாருங்க, தண்ணி மாதிரி இருக்குது!" என்று ஈரச் சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார். நெய்து முடித்த எந்தப் புடவையையும் அவர் அப்படி விரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.